கனிஷ்காவின் எழுபத்தேழு

மே 6, திங்கள்

கேஸ் குறிப்பு எழுதிப் பழகத்தான் இந்த நோட்டை வாங்கினேன். எழுதுவதெல்லாம் என் புலம்பலாக இருக்கிறது. இருக்கட்டும், சார் இதைத் திருத்தப் போவதில்லை.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். சம்பளம் கிடையாது, அனுபவம்தான். எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டால் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு மேல் எம்.ஃபில். படிக்க வேண்டும். இடங்கள் கொஞ்சம். நேர்காணலில் எங்கே வேலை பழகினாய், யாரிடம் பழகினாய் என்றுதான் முதலில் கேட்பார்களாம். எங்கள் பிரிவின் உளவியலாளர் கோமதிநாயகம் சாரின் பரிந்துரைக் கடிதத்துக்கு அங்கே நல்ல மதிப்பு. அவரோ வருடத்துக்கு ஒருவருக்குத்தான் கடிதம் கொடுப்பார். "ரெண்டு பேருக்குக் குடுத்தா ரெண்டுக்கும் மதிப்பில்ல" என்பார்.

இந்த வருடம் பயிற்சிக்கு இருப்பது நானும் பெனிட்டாவும்.

அவள் எனக்கு ஒரு மாதம் கழித்து வந்தவள். தினமும் பத்து நிமிடம் தாமதம். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் நோயாளிகள் கதவைத் திறந்ததும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்த அக்கா வரலையா?" என்கிறார்கள். எட்டு மணிக்கே வந்து நாற்காலி துடைத்து, டோக்கன் எழுதி, குடிக்கத் தண்ணீர் பிடித்து வைப்பது இந்த அக்கா. தேடுவது அந்த அக்காவை.

எனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன், ஆமாம்.

மே 8, புதன்

புதன்கிழமை மாற்றுத்திறனாளி சான்றிதழ் நாள். காலையிலேயே வராந்தா நிறைந்துவிட்டது. நாங்கள் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்து எண் போட்டுக் கொடுப்போம். எழுபதுக்குக் கீழே இருந்தால் மனநல மருத்துவர் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்.

மாரீஸ்வரி என்று ஒரு அம்மா, கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மகள் கனிஷ்காவுக்கு ஒன்பது வயது. பேச்சு இரண்டு மூன்று வார்த்தைகள்தான். புருஷன் இல்லை. வேலைக்குப் போகும்போது பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாளாம். போன மாதம் கனிஷ்கா பின்கதவுத் தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டித் திறந்து நாலுவழிச் சாலை வரை நடந்துவிட்டாள். ஒரு லாரிக்காரர் தூக்கிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். டவுனில் சிறப்புப் பள்ளி இருக்கிறது, வேன் வந்து கூட்டிப்போகும். சேர்க்கச் சான்றிதழ் வேண்டும். ஜூலை பன்னிரண்டு கடைசித் தேதி.

சோதனை வைத்தது பெனிட்டா. நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர், வயது எழுதினேன். வடிவப் பலகைச் சோதனை. மரப்பலகையில் பத்துக் குழிகள், நட்சத்திரம், வட்டம், முக்கோணம் என்று. அதற்குப் பொருந்தும் பத்துக் கட்டைகளை எடுத்து வைக்க வேண்டும். மூன்று முறை வைக்கச் சொல்லி, குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்போம். கனிஷ்கா நட்சத்திரக் கட்டையைத் தொடவே பயந்தாள், கூர்மையாக இருக்கிறதல்லவா. மூன்று முறையும் அதைக் கடைசியில்தான் வைத்தாள். குறைந்த நேரம் நாற்பத்தாறு விநாடி. அட்டவணையில் வயதோடு பார்த்தால் ஐம்பத்துமூன்று என்று எண் வந்தது.

மருத்துவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போய்விட்டார். கையெழுத்து அடுத்த வாரம்தான். கிளம்பும்போது கனிஷ்கா பெனிட்டாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பெனிட்டா துப்பட்டாவைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டாள். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்கிறாள்?

மே 9, வியாழன்

பெனிட்டாவின் குறிப்பை என்னிடம் நீட்டி, "சுகப்பிரியா, கேஸ் இப்படி எழுதணும், வாசிச்சா ஆள் தெரியணும்" என்றார் சார். அந்தக் கையெழுத்தில் ஆளா தெரிந்தது? எழுத்தே தெரியவில்லை.

மே 15, புதன்

பெனிட்டா விடுப்பு. சித்தி மகள் கல்யாணம்.

மருத்துவர் இன்றும் இல்லை, சென்னையில் ஏதோ பயிற்சி. மாரீஸ்வரி காலை எட்டுக்கே வந்துவிட்டாள். மதியம் வருவார், வருவார் என்று எல்லாரையும் உட்கார வைத்துவிட்டார்கள். கனிஷ்கா பெனிட்டாவைத் தேடி அறை அறையாக எட்டிப் பார்த்தாள். இல்லை என்றதும் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தாள். நான் பொம்மை கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன், பாட்டுக்கூடப் பாடினேன். என் பாட்டைக் கேட்டு இன்னும் பலமாக முட்டினாள்.

கடைசியில் பீரோவைத் திறந்து வடிவப் பலகையை எடுத்துக் கொடுத்தேன். சோதனைப் பொருளை விளையாடக் கொடுக்கக் கூடாதுதான். ஆனால் அவளுக்குத்தான் சோதனை முடிந்துவிட்டதே. ஒரு பிள்ளை மண்டையை உடைத்துக்கொள்வதை விடவா?

உடனே அடங்கினாள். இரண்டரை மணி நேரம். நட்சத்திரத்துக்கு மட்டும் கையைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். பயம் போய்விட்டது. பத்தாவது தடவையோ என்னவோ தானே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

"ஒங்களப் பாத்துத்தாம் டாக்டரம்மா இப்பிடிச் சிரிக்கா" என்றாள் மாரீஸ்வரி. நான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"வீட்டுலயும் இது மாதிரி அட்டை வெட்டிக் குடுங்கக்கா. ஒரு எடத்துல உக்காந்துருப்பா" என்றேன். "தீப்பெட்டி அட்டை மலையாக் கெடக்கே" என்று சந்தோஷமாகப் போனாள்.

மே 22, புதன்

இன்றும் கையெழுத்து ஆகவில்லை. மருத்துவர் வந்தார், சான்றிதழ் படிவம் தீர்ந்துவிட்டது.

பெனிட்டா வார்டில் இருந்தாள். கனிஷ்கா நேராக என்னிடம் வந்து, கையைப் பிடித்து, பீரோ பக்கம் இழுத்தாள். என்னிடம்! பெனிட்டா வார்டிலிருந்து வந்து "கனி" என்று கூப்பிட்டபோது கூடத் திரும்பவில்லை. பெனிட்டாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

அவள் போன பிறகு சும்மா ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். கனிஷ்கா பத்துக் கட்டையையும் முப்பத்தொரு விநாடியில் வைத்துவிட்டாள். பெனிட்டா எழுதியிருப்பது நாற்பத்தாறு. எங்கேயோ தப்பு இருக்கிறது. ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்திருப்பாள். அவள்தான் எதிலும் பத்து நிமிடம் தாமதமாயிற்றே.

மே 24, வெள்ளி

சாரிடம் சொன்னேன். புகாராகச் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் என்று சொன்னேன். தவறான எண்ணில் சான்றிதழ் போனால் நம் பிரிவுக்குத்தானே கெட்ட பெயர்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். பதில் சொன்னேன். "சரி, புதன்கிழமை நீங்களே திருப்பி வச்சுப் பாருங்க" என்றார்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

மே 29, புதன்

இருபத்தேழு விநாடி. எண் எழுபத்தேழு.

சார் எதிரிலேயே வைத்தேன். மூன்று தடவையும் கனிஷ்கா நட்சத்திரத்தைத்தான் முதலில் எடுத்தாள். கேள்வி கேட்டுச் செய்யும் பெரிய சோதனையும் வைத்துவிடலாமா என்று சார் ஒரு நிமிடம் யோசித்தார். வராந்தாவில் எண்பது பேர். "இது போதும்" என்றார். மருத்துவர் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்.

பெனிட்டாவுக்கு எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது. "இருபத்துநாலு பாயின்ட் வித்தியாசம்மா! ஸ்டாப்வாட்ச் பிடிக்கத் தெரியாதா?" அவள், "மூணு தடவ வச்சேன் சார்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இருந்தது.

மாரீஸ்வரி அழுவாள் என்று நினைத்து வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அறிக்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"போன மட்டம் அம்பத்துமூணு. இப்ப எழுபத்தேழா டாக்டரம்மா?"

"ஆமாக்கா."

"மூணு வாரத்துலயா! அப்ப எம்பிள்ள தேறிட்டாளா?"

பரீட்சை மதிப்பெண் என்று நினைத்துவிட்டாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கையில் பசை காய்ந்திருந்தது. நல்லபடியாகத்தானே எடுத்துக்கொள்கிறாள், நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மே 31, வெள்ளி

கடிதம் எனக்குத்தான்! சார் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துக் கொடுத்தார். "நுட்பமான கவனிப்பும் நேர்மையும் உடையவர்" என்று இருக்கிறது. அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னபோது வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

ஜூன் 5, புதன்

மாரீஸ்வரி ஒரு கிலோ கடலைமிட்டாயோடு வந்தாள். சிறப்புப் பள்ளி இனி வேண்டாமாம். பத்தாம் தேதி ஊர்ப் பள்ளிக்கூடம் திறக்கிறது, மற்ற பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறாளாம். புதன்தோறும் என்னிடம் மட்டும் கூட்டிக்கொண்டு வருவாளாம், வைத்தியத்துக்கு.

"அந்தப் பாப்பா வச்சப்ப அம்பத்துமூணுதாம் வந்துச்சு. ஒங்க கைராசி டாக்டரம்மா."

அந்தப் பாப்பா இரண்டடி தள்ளி டோக்கன் எழுதிக்கொண்டிருந்தது. கேட்டிருக்கும். கேட்கட்டும். இந்த ஆஸ்பத்திரியில் அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

ஜூன் 14, வெள்ளி

நேர்காணல் ஜூலை எட்டு. வெளிர் நீலச் சுடிதார் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

கனிஷ்காவை டீச்சர் வகுப்புக்கு வெளியே உட்கார வைக்கிறாராம். பாவாடையிலேயே போய்விடுகிறாள், பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டாளாம்.

"எழுபத்தேழு வாங்குன பிள்ளைய வெளிய வைக்காகளே, நாயமா? நீங்க ஒரு எழுத்து எழுதிக் குடுங்க" என்றாள் மாரீஸ்வரி.

எழுதிக் கொடுத்தேன். இந்தக் குழந்தைக்குச் சாதாரண வகுப்பில் கூடுதல் கவனம் தேவை என்று. பொய் இல்லை. எந்தக் குழந்தைக்குத்தான் கூடுதல் கவனம் தேவையில்லை?

ஜூன் 26, புதன்

அவர்கள் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

சாப்பிடும்போது பெனிட்டா என் டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டே கேட்டாள். "ப்ரியா, கனி நான் வச்சப்ப நட்சத்திரத்தத் தொடவே பயந்தா, கடைசியாத்தான் வச்சா. ஒங்கிட்ட மட்டும் எப்படி மொதல்ல அத எடுத்தா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஊறுகா நல்லாருக்கு" என்றாள். தெரிந்துவிட்டது அவளுக்கு. சாரிடம் போய்ச் சொல்வாள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளைக் கொஞ்சம் கேவலமாக நினைத்துக்கொள்ளலாம். அந்த வசதியையும் தரமாட்டேன் என்கிறாள்.

ஜூலை 3, புதன்

கனிஷ்காவின் இடது கையில் முழங்கைக்குக் கீழே மூன்று தடிப்பு. கரண்டிக் காம்பு.

"யாரு அடிச்சது?"

"நாந்தாம்" என்றாள் மாரீஸ்வரி. "எல்லாந் தெரியுது டாக்டரம்மா இவளுக்கு. தெரிஞ்சிக்கிட்டே வேணும்னு பண்ணுதா. ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லத் தெரியாதா? எழுபத்தேழு வாங்குனவளுக்குச் சொல்லத் தெரியாதா?" பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள். "ஒம்பது வருசத்துல நான் இவமேல கை வச்சதில்ல. கூறு இல்லாத பிள்ளன்னு பொறுத்துப் போயிருவேன். இப்ப கூறு இருக்குன்னு தெரிஞ்ச பொறவு பொறுக்க முடியலயே."

கனிஷ்கா என் கையைப் பிடித்துப் பீரோ பக்கம் இழுத்தாள். தடித்த கையால்தான் இழுத்தாள்.

இன்று வேறு எதுவும் எழுத முடியாது.

ஜூலை 4, வியாழன்

மே 24ஆம் தேதி எழுதியதைத் திருப்பி வாசித்தேன். வழக்கமாகக் கேட்பதுதான் என்று எழுதியிருக்கிறேன். சார் கேட்டது இது: "பெனிட்டா வச்சது தவிர அந்தப் பிள்ள பலகையத் தொட்டுருக்கா?"

நான் சொன்னது: "இல்ல சார்."

பழகிய பிள்ளைக்கு அதே சோதனையை வைத்தால் எண் ஏறும். அது பிள்ளையின் அறிவு ஏறியதாகாது. முதல் வருடப் பாடம். இதே கேள்விக்குப் பரீட்சையில் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மறந்துபோய்விட்டது என்று இங்கே கூட எழுதத் துணியவில்லை. ஆறு வாரமாக இந்த நோட்டில் நான் எழுதாமல் விட்டது அந்தக் கேள்வியையும் பதிலையும் மட்டும்தான்.

ஐந்து மணி நேரமாவது பலகையோடு அவளை உட்கார வைத்திருக்கிறேன். கையைப் பிடித்து நட்சத்திரம் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் அட்டை வெட்டிப் பழக்கச் சொன்னேன். பிறகு பெனிட்டாவைத் தப்பு என்றேன். அவள் எழுதிய நாற்பத்தாறுதான் சரி. அதை எழுதும்போது இப்போதும் எரிகிறது.

ஜூலை 5, வெள்ளி

சாரிடம் சொன்னேன். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கனிஷ்காவின் ஃபைலை எடுத்து என் முன்னால் தள்ளினார்.

"எங்கிட்டச் சொன்னத இதுல எழுதுங்க. தேதி போட்டு, பேர் போட்டு."

எழுதினேன். முன்பயிற்சியை மறைத்து நான் வைத்த சோதனை செல்லாது, மே 8ஆம் தேதி சோதனை சரியாக நடத்தப்பட்டது என்று. பெனிட்டாவின் பெயரையும் முழுதாக எழுத வேண்டியிருந்தது. கடித உறையை மேஜையில் வைத்தேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்வாரா என்று ஒரு கணம் நின்றேன். அவர் இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டுக்கொண்டார்.

"அந்தப் பெரிய டெஸ்ட அன்னைக்கே வச்சிருக்கணும். கூட்டம்னு விட்டது எந்தப்பு" என்றார். "புதன்கிழமை வைப்போம். அந்தம்மாட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

ஜூலை 8, திங்கள்

நேர்காணலுக்குப் போகவில்லை. வெளிர் நீலச் சுடிதார் தையற்கடையிலேயே இருக்கிறது. அம்மாவிடம் தேதி தள்ளிப்போய்விட்டது என்று சொன்னேன். இது இன்னொரு பொய், இதையும் சரி செய்ய வேண்டும்.

ஜூலை 10, புதன்

மாரீஸ்வரியைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னேன். தயார் செய்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"அக்கா, கனிஷ்கா தேறல. அந்தக் கட்டைய வைக்க மட்டும் நான் பழக்கிட்டேன். பழக்கினத மறைச்சு டெஸ்ட் வச்சேன். எழுபத்தேழு பொய். அம்பத்துமூணுதான் சரி."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. "வைத்தியம்னு சொன்னீகளே?"

"நான் சொல்லலக்கா. நீங்க நெனச்சீங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

"எதுக்கு?"

பெனிட்டாவைத் தோற்கடிக்க என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லையே. அவள் எழுந்து நின்றாள். பிறகு, "அந்தப் பாப்பாவக் கூப்புடு" என்றாள். இதுவரை என்னை ஒருமையில் பேசியதில்லை.

பெனிட்டா வந்து கேள்விச் சோதனையை வைத்தாள். முக்கால் மணி நேரம். கதவு சாத்தியிருந்தது. நான் வெளியே டோக்கன் எழுதினேன். இரண்டு தடவை கனிஷ்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. இந்த நிலைமையிலும் அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கேயோ சுருக்கென்று குத்தியது. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்து இதை வாசித்தால் ஏமாந்து போவேன்.

ஐம்பத்திரண்டு. பன்னிரண்டரைக்கு மருத்துவர் கையெழுத்துப் போட்டார். சிறப்புப் பள்ளியில் சாரே போன் செய்து பேசினார். திங்கட்கிழமையிலிருந்து வேன் வரும்.

சான்றிதழை வைப்பதற்காக மாரீஸ்வரி பையைத் திறந்தாள். பழைய அறிக்கை உள்ளே இருந்தது. கசங்காமல் இருக்கட்டும் என்று கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறாள். எழுபத்தேழுக்குக் கீழே யாரோ சிவப்புப் பேனாவால் கோடு வேறு போட்டிருந்தார்கள். அதை வெளியே எடுத்துக் கிழிக்கப் பார்த்தாள். கிழியவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தாள். அதற்கும் வரவில்லை.

அதை பெஞ்சில் போட்டுவிட்டு, கனிஷ்காவின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தடிப்பு மூன்றும் இப்போது கறுத்திருந்தன. அதைத் தடவிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"அப்ப நான் அடிச்சது?"

பெனிட்டா பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் ஒரு பதில் இருந்திருக்கும், அந்த அம்மாவைத் தேற்றியும் இருக்கும். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தாள்.

"அது நான் அடிச்சதுக்கா" என்றேன்.

 மாரீஸ்வரி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்பது வயதுப் பிள்ளை, கால் இரண்டும் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்க, படியிறங்கிப் போனாள்.